போர்த் தொடர்களில் வருவது அப்பா பார்த்த போர்தானா?

கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டியவர். 1999இல் கார்கில் சண்டை நடந்தபோது திராஸ் பாதையில் இருந்திருக்கிறார். வீட்டில் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. மகன் 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்', 'தி பசிபிக்' என்ற, இரண்டாம் உலகப் போரைப் பற்றிய அமெரிக்கத் தொடர்கள் இரண்டையும் பார்த்து முடித்துவிட்டு, போர்வீரர்கள் பட்டதை இந்தத் தொடர்கள் உள்ளபடி காட்டுகின்றனவா என்று கேட்கிறார். வந்திருக்கும் பதில்களில் பல, சீருடையும் துப்பாக்கியும் அந்தக் காலத்துக்குப் பொருந்துகின்றனவா என்ற ஆராய்ச்சியில் இறங்கிவிட்டன. அப்பா சொல்லாமல் வைத்திருப்பதை இந்தத் தொடர்களைப் பார்த்து ஊகித்துக்கொள்ளலாமா என்றுதான் அவர் கேட்கிறார் என எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ராணுவ ஆஸ்பத்திரிகளில் மனநல மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சண்டை போட்டவன் இல்லை. சண்டையிலிருந்து வந்தவர்களை, அதிலும் வார்டு வரைக்கும் வந்தவர்களை மட்டும் பார்த்தவன். ஊர் திரும்பி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, ராத்திரி நன்றாகத் தூங்குகிறவர்கள் என்னிடம் வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதனால் என் பார்வை கொஞ்சம் இருண்ட பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். தொடர்கள் விஷயத்தில் நான் வெறும் பார்வையாளன்தான், ஆனால் பிடிவாதமான பார்வையாளன். என்னிடம் சிகிச்சைக்கு வந்து பிறகு நண்பர்களானவர்களோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். திரையைவிட அவர்கள் முகத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. உடம்பு படுகிற பாட்டை நல்ல தொடர்கள் சரியாகக் காட்டுகின்றன. 2001இல் எச்பிஓ ஒளிபரப்பிய 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' பத்துப் பகுதிகள். நார்மண்டியில் குதித்த அமெரிக்க 101ஆவது வான்வழிப் படையின் ஈஸி கம்பெனி என்ற ஒரே ஒரு கம்பெனியின், அதாவது ஒரு சிறிய படைப்பிரிவின் கதை. படப்பிடிப்புக்கு முன்னால் டேல் டை என்ற முன்னாள் மரைன் அதிகாரி நடிகர்களை முகாமில் போட்டு வாட்டி எடுத்தார். அவரே கர்னல் வேடத்திலும் வருவார். அதன் பலன் திரையில் தெரிகிறது: துப்பாக்கியைப் பிடிக்கிற விதம், குழிக்குள் உட்காருகிற விதம், சாப்பிடும்போதுகூட ஒரு கண் வெளியே இருப்பது. ஆறாவது பகுதி பெல்ஜியத்தில் உள்ள பாஸ்டோன் ஊரின் முற்றுகையைப் பற்றியது. 1944 டிசம்பர், கடும் பனி, குளிருக்கான உடுப்பு கிடையாது. யூஜீன் ரோ என்ற மருத்துவ உதவியாளர் குழி குழியாகப் போய், கத்தரிக்கோல் இருக்கிறதா, மார்ஃபின் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தப் பகுதியில் எனக்குப் பெரிதாகப் பட்டது குண்டு விழும் காட்சி இல்லை, இந்தக் கத்தரிக்கோல்தான். போர்க்களத்தில் மருத்துவம் என்பது முக்கால்வாசி இப்படிக் கேட்டு அலைவதுதான்.

அந்தப் பகுதியை ஒரு ஓய்வுபெற்ற சுபேதாரோடு பார்த்தேன் (ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்). உயரமான பனிப்பகுதியில் இருந்தவர், இடது காலில் இரண்டு விரல் நுனிகளைக் குளிருக்குக் கொடுத்தவர். திரையில் மரங்களின் உச்சியில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தபோது வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். ஒருத்தனின் பாதத்தை ரோ பார்க்கிற இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. "சாக்ஸ மாத்துனானா பாருங்க சாப்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், தன் பாதங்கள் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்து ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த வேலூர் மே மாதம் அது. எந்த வெடிச்சத்தமும் செய்யாததை ஒரு ஈரக்கால் செய்துவிட்டது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொடர் எதை உச்சக்காட்சி என்று நினைக்கிறதோ, அங்கே வீரருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். இயக்குநர் கவனிக்காமல் விட்ட மூலையில் அவருடைய போர் இருக்கலாம்.

உங்கள் அப்பா விஷயத்தில் இது இன்னும் முக்கியம். இந்தத் தொடர்கள் எல்லாம் காலாட்படையைப் பற்றியவை. ராணுவம் என்பது காலாட்படை மட்டும் கிடையாது. சமைப்பவர், வயர் இழுப்பவர், பீரங்கிக்குக் குண்டு தூக்குபவர், லாரி ஓட்டுபவர் என்று ஒரு பெரிய கூட்டம் பின்னால் இருக்கிறது. அவர்களுக்கும் குண்டு விழும். திராஸ் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீநகரிலிருந்து லே போகும் நெடுஞ்சாலை ஜோஜிலா கணவாயைத் தாண்டியதும் திராஸ் வழியாகத்தான் போக வேண்டும். டோலோலிங், டைகர் ஹில் உச்சிகளில் எதிரி உட்கார்ந்திருந்த வாரங்களில் அந்தச் சாலை அவன் கண்ணுக்கு நேர் கீழே கிடந்தது. அங்கிருந்து பார்த்துச் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கத்துப் பீரங்கிகள் சாலையில் குண்டு போட்டன. கான்வாய்கள் ராத்திரியில், விளக்கை அணைத்துவிட்டு நகர்ந்தன. ஜூன் 13 அன்று டோலோலிங் கைக்கு வந்தது, ஜூலை 4 அன்று டைகர் ஹில். அதற்கு முன்னும் பின்னும் மேலே ஏறியவனுக்குக் குண்டும் ரொட்டியும் மண்ணெண்ணெயும் அந்தச் சாலையில்தான் போயின. பின்னால் வெடிமருந்து, பக்கத்தில் பள்ளம், முன்னால் போகிற வண்டியின் நிழல் மட்டும் கண்ணுக்குத் தெரியும். திருப்பிச் சுட வண்டி ஓட்டுபவனிடம் ஒன்றும் கிடையாது. இப்படி ஓட்டியவர்கள் சிலரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் பேசியது எதிரியைப் பற்றியே இல்லை. கியர் மாற்றும் சத்தம், பிரேக் பிடித்தால் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துவிடுமோ என்ற பயம், முன்வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது, இவ்வளவுதான். இதை வைத்து எடுத்த தொடர் எதையும் நான் பார்த்ததில்லை.

ஓரளவு பக்கத்தில் வருவது 'ஜெனரேஷன் கில்'. நீங்கள் பார்த்த இரண்டையும்விட உங்கள் காரியத்துக்கு இதுதான் உதவும் என்பேன். 2008இல் வந்தது, ஏழே பகுதிகள். 2003இல் ஈராக்குக்குள் நுழைந்த ஒரு அமெரிக்க மரைன் வேவுப் படையைப் பற்றியது. அவர்களோடு வண்டியில் உட்கார்ந்து போன எவன் ரைட் என்ற பத்திரிகையாளரின் புத்தகத்திலிருந்து எடுத்தது. கதை முழுக்க வண்டிக் கண்ணாடி வழியாகவே நடக்கிறது. முக்கியமான ஆட்களில் ஒருவர் டிரைவர். விழித்திருக்க ஏதோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஓட்டுவார். இரவில் பார்க்கும் கருவிக்குப் பேட்டரி கிடைக்காது, துப்பாக்கிக்குப் போடுகிற எண்ணெய் கிடைக்காது, ஆனால் மீசை விதிப்படி இருக்கிறதா என்று சார்ஜென்ட் மேஜர் வந்து கத்திவிட்டுப் போவார். எந்த நாட்டுப் பட்டாளத்துக்காரரைக் காட்டினாலும் அந்த இடத்தில் சிரிப்பார். பின்னணி இசை கிடையாது. கடைசிக் காட்சியில் மட்டும் ஒரு பாட்டு வரும், மற்றபடி அவர்களே வண்டிக்குள் கத்திப் பாடுவதுதான் பாட்டு. இசை இல்லாததால் எப்போது பயப்பட வேண்டும் என்று நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. அந்தப் படைப்பிரிவில் உண்மையாகவே இருந்த ரூடி ரெயஸ் அதில் தன் வேடத்தில் தானே நடித்திருக்கிறார். அமெரிக்கர்கள் மூச்சுக்கு மூச்சு பேசுகிற கெட்ட வார்த்தைக்குக் காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும், அது வேறு விஷயம்.

தொடர்கள் பெரும்பாலும் தவறவிடுவது காலத்தை. சண்டை என்பது காத்திருப்பு. வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது, பிறகு இருபது நிமிடத்தில் எல்லாம் நடந்துவிடும், அப்புறம் மறுபடியும் பாத்திரம் கழுவ வேண்டியதுதான். பத்து மணி நேரத் தொடருக்கு அந்த வாரங்கள் வேண்டாம், இருபது நிமிடங்கள்தான் வேண்டும். அவற்றை மட்டும் கோத்துக் காட்டும்போது, வீரர்கள் நாள் முழுக்கச் சண்டைதான் போட்டார்கள் என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. போருக்குப் பிறகு வருகிற காலத்தையும் இப்படித்தான் சுருக்கிவிடுகிறார்கள். 'தி பசிபிக்' தொடருக்கு ஆதாரமான இரண்டு நினைவுக் குறிப்புகளில் ஒன்றை எழுதியவர் யூஜீன் ஸ்லெட்ஜ். பெலெலியூ, ஒகினாவா தீவுகளில் ஜப்பானியரோடு சண்டையில் இருந்தபோது சட்டைப்பையில் இருந்த விவிலியத்துக்குள் குறிப்பு எழுதி வைத்தார். அது புத்தகமாக வெளிவந்தது 1981இல், சண்டை முடிந்து 36 வருடம் கழித்து. இடையில் அவர் உயிரியல் பேராசிரியராகி, குடும்பம் நடத்தி, கெட்ட கனவுகளோடு வாழ்ந்திருக்கிறார். அந்த 36 வருடத்துக்குத் தொடரில் இடம் இல்லை. உங்கள் அப்பா இப்போது நடுவில் எங்கேயோ இருக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள்.

இருந்தாலும் 'தி பசிபிக்'கின் கடைசிப் பகுதியை நான் மதிக்கிறேன். ஊர் திரும்பிய ஸ்லெட்ஜ், அப்பாவோடு புறா வேட்டைக்குப் போவார். சின்ன வயதிலிருந்து போய்ப் பழகிய வேட்டை. நடந்துகொண்டே இருக்கும்போது உடைந்து அழுதுவிடுவார். அப்பா ஒரு டாக்டர், முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். ஒன்றும் கேட்க மாட்டார். நீ இனி வேட்டைக்கு வர வேண்டியதில்லை என்கிற மாதிரி விட்டுவிடுவார். தொழில்முறையில் பார்த்தால் அந்த அப்பா செய்தது சரி. அதே தொடரில், இன்னொரு நினைவுக் குறிப்பை எழுதிய ராபர்ட் லெக்கிக்கு ராத்திரியில் தூக்கத்தில் சிறுநீர் போய்விடும். அதற்காக மனநலப் பிரிவு உள்ள தீவு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். வீரனை இந்த நிலையில் காட்டத் துணிகிற தொடர் அபூர்வம். வார்டில் இதை நிறையப் பார்க்கலாம். கூச்சத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், படுக்கை விரிப்பைத் தாங்களே விடியற்காலையில் துவைத்துப் போட்டுவிடுவார்கள். நர்சிங் உதவியாளர் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

மற்றத் தொடர்களில் மனப் பாதிப்பு என்றால் ஒரே அச்சு. பட்டாசு வெடிக்கும், ஆள் தரையில் விழுவார், கண்முன் பழைய சண்டை சினிமாவாக ஓடும், எழுந்து மனைவியை அடிப்பார். இப்படி ஒருவருக்கும் நடப்பதில்லை என்று சொல்ல மாட்டேன். நடக்கிறது. ஆனால் நான் பார்த்தவர்களில் அதிகம் பேரிடம் இருந்தது இதைவிடச் சத்தமில்லாதது. ஓட்டலில் கதவைப் பார்த்த நாற்காலி கிடைக்காவிட்டால் சாப்பிடாமல் எழுந்துவிடுவது. மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டால் அப்புறம் தூக்கம் வராமல் மாட்டுக்கு வைக்கோல் போடுவது. டீசல் வாடையோ கருகின வாடையோ வந்தால் காரணம் புரியாமல் நெஞ்சு அடிப்பது. சின்னச் சண்டைக்குப் பெரிய கோபம், பிள்ளை பிறந்தபோது ஒரு சந்தோஷமும் வராமல் போவது. பழைய காட்சி படமாகத் திரும்ப வருவதைவிட, உடம்பு மட்டும் திரும்பிப் போய்விடுவதுதான் அதிகம். அதைப் படம் பிடிப்பது கஷ்டம், இயக்குநரைக் குறை சொல்ல முடியாது.

இன்னொன்று, பயத்தால் வராத பாதிப்பு. தான் செய்ததாலோ செய்யாமல் விட்டதாலோ வருகிற உறுத்தல். பாஸ்டனில் வியட்நாம் வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்த ஜோனதன் ஷே போன்ற மருத்துவர்கள் இதை அறக்காயம் என்று தனியாகப் பேசத் தொடங்கினார்கள். 'ஜெனரேஷன் கில்'லில் ஒட்டகம் மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள் மேல் குண்டு பாயும். சுடலாம் என்ற உத்தரவு மேலிருந்து வந்திருக்கும், சுட்டவன் சாதாரணமாக இருப்பான், பக்கத்தில் இருந்தவர்கள்தான் நொறுங்கிப்போவார்கள். இந்தக் கணக்கு யாருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை என்பதைத் தொடர் அப்படியே விட்டிருக்கிறது. 'தி பசிபிக்'கில் இறந்த ஜப்பானியரின் வாயிலிருந்து தங்கப் பல்லை எடுக்க ஸ்லெட்ஜ் குனியும்போது ஸ்னாஃபு என்ற தோழன் தடுப்பான், கிருமி ஒட்டிக்கொள்ளும் என்று சாக்கு சொல்லி. ஸ்லெட்ஜின் புத்தகத்தில் தடுத்தவர் ஸ்னாஃபு இல்லை, ஒரு மருத்துவ உதவியாளர். தொடர் ஆளை மாற்றிவிட்டது. என்னைக் கேட்டால் அது கெடுக்கவில்லை. ஒருவனைக் காப்பாற்றுவதற்காகப் பொய்க்காரணம் சொல்கிற பண்பு அதில் அப்படியே இருக்கிறது.

ஆளை மாற்றுவது எப்போதும் இப்படி நல்லபடியாக முடிவதில்லை. 'பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்' மூன்றாவது பகுதியில் ஆல்பர்ட் பிளைத் என்ற வீரருக்குப் பயத்தில் கண் தெரியாமல் போகும், பிறகு சரியாகும், கழுத்தில் குண்டு படும். அந்தக் காயத்திலிருந்து மீளாமல் 1948இல் இறந்தார் என்று முடிவில் எழுத்து வரும். உண்மையில் பிளைத் பிழைத்தார், ராணுவத்திலேயே தொடர்ந்தார், கொரியாவுக்கும் போய்வந்தார், 1967இல்தான் இறந்தார். கூட இருந்தவர்கள் அவர் செத்துவிட்டார் என்றே நம்பியிருந்தார்கள். தொடருக்கு ஆதாரமான புத்தகத்தை எழுதியவரும் நம்பினார், தொடரும் நம்பியது. ஏழாவது பகுதியில் லெப்டினன்ட் நார்மன் டைக் ஃபாய் கிராமத்துத் தாக்குதலின் நடுவே உறைந்துபோய் நிற்பார். பார்ப்பவர் எல்லாரும் அவரைக் கோழை என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதே டைக்குக்கு அதற்கு முந்தைய சண்டைகளுக்காக வெண்கல நட்சத்திரப் பதக்கங்கள் உண்டு. அந்த இடத்தில் அவர் தோளில் காயம் பட்டிருந்தார் என்று அதே கம்பெனிக்காரர் ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எது சரி என்பதை இனி யாரும் தீர்த்துவைக்க முடியாது. உயிரோடு இருந்தவர்கள், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், ஒருவரோடொருவர் தொடர்பில் இருந்தவர்கள் சொன்னதுதான் கதையாகிறது. டைக்குக்காகப் பேச ஆள் இல்லை. உண்மைச் சம்பவம் என்று போட்டு வருகிற எந்தத் தொடரையும் இந்தச் சந்தேகத்தோடு பாருங்கள்.

ஜெர்மனியிலும் இதே தகராறு வந்தது. அந்த நாட்டின் இசட்டிஎஃப் தொலைக்காட்சி 2013இல் 'நம் தாய்மார், நம் தந்தையர்' என்று பொருள்படும் பெயரில் மூன்று பகுதித் தொடர் ஒன்றை எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் சிக்கிய ஐந்து இளம் நண்பர்களின் கதை. வீட்டில் தாத்தாக்களிடம் பேச்சு எடுக்க அது பலருக்கு வழிவிட்டது. ஆனால் போலந்தின் தலைமறைவு எதிர்ப்புப் படையை யூத வெறுப்பாளர்களாகக் காட்டிவிட்டது என்று போலந்தில் பெரிய கொதிப்பு. நம் ஆட்களின் வலியைப் பக்கத்தில் போய்க் காட்டுகிற தொடர், எதிர்ப்பக்கத்தையும் பக்கத்து நாட்டையும் தூரத்தில் நிறுத்திவிடும். 'தி பசிபிக்'கில் ஜப்பானியர்களுக்கு எத்தனை வசனம் இருக்கிறது என்று யோசித்தால் புரியும்.

எத்தனை பேருக்கு இந்தப் பாதிப்பு வருகிறது என்பதில் கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேச வேண்டும். உறுதியானது: போருக்குப் போன பெரும்பாலானவர்களுக்கு நாள்பட்ட மனநோய் வருவதில்லை. பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு) என்ற பெயரோடு அமெரிக்க மனநலக் கையேட்டில் இது ஏறியதே 1980இல்தான், அதுவும் வியட்நாம் வீரர்கள் போராடியதால். உறுதியில்லாதது, எண்ணிக்கை. வியட்நாம் போய்வந்த அமெரிக்கர்களிடம் 1980களில் நடந்த பெரிய ஆய்வில், வாழ்நாளில் எப்போதாவது பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 31 சதவீதம் என்று வந்தது. 2006இல் அதே ஆய்வின் தரவை ராணுவப் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, கடுமையான அளவுகோல் வைத்துத் திரும்பக் கணக்குப் போட்டவர்களுக்கு வந்தது சுமார் 19 சதவீதம். ஆட்கள் மாறவில்லை, கேட்ட விதம்தான் மாறியது. ஆகவே தொடரில் எல்லாரும் நொறுங்கினால் அதையும் நம்பாதீர்கள், ஒருவர்கூட நொறுங்காவிட்டால் அதையும் நம்பாதீர்கள். உங்கள் அப்பா பேசாமல் இருப்பதே நோய்க்கு அடையாளமும் ஆகாது. சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நிஜமாகவே நினைப்பவர்கள் உண்டு. மேலே மலையேறிச் செத்தவர்கள் இருக்க, நான் வண்டி ஓட்டியதை என்னவென்று சொல்வது என்று கூசுகிறவர்களும் உண்டு. என் அனுபவத்தில் இரண்டாவது வகைதான் டிரைவர்களிடம் அதிகம்.

டாக்டர் என்பதால் 'மேஷ்' பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. கொரியப் போர் மூன்று வருடம், அதைப் பற்றிய இந்த அமெரிக்க நகைச்சுவைத் தொடர் 1972 முதல் 1983 வரை பதினோரு வருடம். களத்துக்குப் பக்கத்தில் கூடாரம் போட்ட ஓர் அறுவை சிகிச்சைப் பிரிவின் கதை. சிபிஎஸ் நிறுவனம் பின்னணியில் சிரிப்பொலி வேண்டும் என்று அடம்பிடித்தது. எடுத்தவர்கள் மல்லுக்கட்டி, அறுவை சிகிச்சைக் கூடத்துக்குள் மட்டும் சிரிப்பு வேண்டாம் என்று வாங்கிவிட்டார்கள். பிரிட்டனில் பிபிசி சிரிப்பொலியே இல்லாமல் போட்டது. சிரிப்பொலி இல்லாத வடிவம் கிடைத்தால் அதைப் பாருங்கள். வெடிச்சிரிப்புக்கும் ரத்தத்துக்கும் இடையில் இருக்கிற தூரம் நிஜத்தில் எவ்வளவு குறைவு என்பது அதில்தான் தெரியும். 1983 பிப்ரவரி 28 அன்று வந்த கடைசிப் பகுதியைச் சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள். அதில் கதாநாயகன் ஹாக்ஐ மனநல வார்டில் இருப்பான். பேருந்தில் பதுங்கியிருந்தபோது ஒரு பெண் கோழியின் கழுத்தை நெரித்தாள் என்று நினைவு வைத்திருப்பான். சிட்னி ஃப்ரீட்மன் என்ற மனநல மருத்துவர் மெல்ல மெல்லக் கேட்க, அது கோழி இல்லை, அவள் குழந்தை என்று வெளியே வரும். சத்தம் வரக்கூடாது என்று அவளை அதட்டியது அவன்தான். மறந்த நினைவு இப்படி முழுசாகத் திரும்பி வந்து ஆள் தேறிவிடுவது நாடக வசதி. நிஜத்தில் பெரும்பாலானவர்களுக்கு நடந்தது நன்றாகவே நினைவிருக்கும், மறக்க முடியாததுதான் சிக்கல். ஆனால் ஃப்ரீட்மன் அவசரப்படாமல் உட்கார்ந்திருக்கிற விதத்தை என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

நம் தொலைக்காட்சியில் இந்த விஷயத்துக்கு அதிகம் இடமில்லை. 1989இல் தூர்தர்ஷனில் வந்த 'ஃபௌஜி'யைப் பலர் ஷாருக் கானுக்காக நினைவு வைத்திருப்பார்கள். அது பயிற்சி முகாமின் குறும்பும் கட்டுப்பாடும் பற்றியது, அந்த அளவில் நன்றாகவே இருந்தது. போருக்குப் பிந்தைய வீட்டைக் காட்டியதில் எனக்குப் பிடித்தது 2010இல் வந்த 'ஹடுஃபிம்' என்ற இஸ்ரேல் தொடர். 17 வருடம் சிறைப்பட்டிருந்து திரும்பும் இரண்டு வீரர்கள். சமையலறையில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நிற்பார்கள், மனைவிக்கும் பிள்ளைக்கும் அவர்கள் யாரோ. அதையே அமெரிக்கர்கள் வாங்கி 'ஹோம்லேண்ட்' என்று எடுத்தபோது, திரும்பி வந்தவன் தீவிரவாதியா இல்லையா என்ற துப்பறியும் கதையாகிவிட்டது. விறுவிறுப்பாகத்தான் இருந்தது, சமையலறை போய்விட்டது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? தொடரைப் போட்டுவிட்டு, "அப்பா, உங்களுக்கும் இப்படித்தானா?" என்று கேட்காதீர்கள். கூட உட்கார்ந்து பார்க்க வந்தால் பார்க்கட்டும், நடுவில் எழுந்து போனால் போகட்டும், ஏன் என்று கேட்க வேண்டாம். பயமாக இருந்ததா, யாராவது செத்தார்களா என்ற கேள்விகளும் வேண்டாம். வண்டி என்ன வண்டி, ஜோஜிலா ஏற எத்தனை மணி நேரம் ஆகும், குளிரில் எஞ்சினை எப்படிக் கிளப்புவீர்கள், டீசல் உறைந்துபோகாதா, லங்கரில் (பட்டாளச் சமையற்கூடத்தில்) என்ன போடுவார்கள் என்று கேளுங்கள். தெரிந்த தொழிலைப் பற்றிக் கேட்டால் மனிதன் பேசுவான். பேசிக்கொண்டே போகும்போது அவராக எங்காவது நின்றால், அங்கே நீங்கள் தள்ள வேண்டாம். பழைய யூனிட்காரர் யாராவது பக்கத்து ஊரில் இருந்தால், ஒருநாள் வண்டியில் கூட்டிக்கொண்டு போய்விட்டு வாருங்கள். அவர்கள் பேசுவதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பதே போதும்.

அவருக்குத் தூக்கம் கெட்டிருந்தால், குடி ஏறியிருந்தால், ஓய்வு பெற்ற பிறகோ யாராவது இறந்த பிறகோ ஆள் மாறிவிட்டதாகத் தோன்றினால், அது வேறு. வேலை ஓய்ந்த பிறகுதான் பல பேருக்கு இது தலைகாட்டுகிறது, வருடங்கள் ஆகிவிட்டதே என்று தள்ளிவிடாதீர்கள். முன்னாள் ராணுவத்தினருக்கான இ.சி.எச்.எஸ். அட்டை அவரிடம் இருந்தால் அந்தப் பாலிகிளினிக்கில் காட்டி, அங்கிருந்து மனநல மருத்துவருக்குச் சீட்டு எழுதி வாங்கலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், உங்களுக்காக நீங்களும் பேசலாம். பாலிகிளினிக்கில் முதல் தடவை போகும்போது தூக்கம் சரியில்லை என்று மட்டும் சொல்லுங்கள். மனசுக்கு டாக்டர் என்றால் பட்டாளத்துக்காரர் வண்டியை விட்டு இறங்க மாட்டார், தூக்கத்துக்கு மாத்திரை என்றால் வந்துவிடுவார். மற்றதை உள்ளே இருக்கிற டாக்டர் பார்த்துக்கொள்வார்.